லூச்சியாவுடன் காந்தி மார்க்கெட்: கடை தேடச் சில இத்தாலிய வாக்கியங்கள்

கடந்த தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை லூச்சியா ஸ்ரீரங்கத்தில் என் வீட்டுக்கு வந்து, பாலும் பழமும் மட்டும் உண்டு உறங்கினார். என் மகளின் தோழியைப் பெற்றவர், வயது அறுபத்தேழு, ஆங்கிலம் அறவே வராது. கோதுமை சிறிதளவு உட்சென்றாலும் ஒரு வாரம் படுக்க வைத்துவிடும் நோய் அவருக்கு உண்டு. ஞாயிறு காலை மதுரைக்கு ரயில். அதுவரை அவரை நலமாக வைத்திருப்பது என் பொறுப்பு. அதற்காகவே சில இத்தாலிய வாக்கியங்களை மனப்பாடம் செய்திருந்தேன்.

சனிக்கிழமை காலை 7.15க்குத் தெற்கு வாசலில் ஆட்டோ. காந்தி மார்க்கெட்டுக்கு ஏறத்தாழ ஏழு கிலோமீட்டர், முப்பது நிமிடம், இருநூறு ரூபாய். வழியெல்லாம் ஒப்பித்தேன். "தோவே இல் ஃப்ருத்திவெந்தொலோ?" என்றால் காய்கனிக் கடை எங்கே. மளிகைக் கடை "அலிமென்தாரி". எத்தனை மணிக்குத் திறக்கும் என்பதற்கு "ஆ கே ஓரா ஆப்ரே?" லூச்சியா ஒவ்வொன்றையும் உரத்த குரலில் திருத்தினார்.

"என்ன பாஷைங்கம்மா? ரெண்டு பேரும் சண்டை போடுற மாதிரி இருக்கு" என்றார் ஓட்டுநர்.

"இத்தாலி. நீங்க ரோட்டைப் பாருங்க."

மார்க்கெட்டில் கேள்விகளை அவர் கேட்டார். நான் கை காட்டினேன். ஒரு சீப்பு பூவன் ஐம்பது ரூபாய்.

ஒன்பது மணிக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு மெஸ். இட்லி வந்தது. சாம்பாரைக் காட்டி லூச்சியா, "கோஸா சே தென்த்ரோ?" என்றார். உள்ளே என்ன இருக்கிறது என்று பொருள்.

"நியெந்தே கிரானோ" என்றேன். கோதுமை இல்லவே இல்லை. நாற்பது ஆண்டுகள் வேதியியல் கற்பித்த என் குரல். அவர் நம்பிக் கரண்டியை எடுத்தார்.

"அவங்க என்ன கேக்குறாங்க?" என்றார் பரிமாறிய பெண். சொன்னேன்.

"கோதுமை ஆகாதா? ஐயோ, சாம்பாரைத் தொட வேணாம்னு சொல்லுங்க! பெருங்காயத்துல மாவு கலந்திருக்கும்."

"பெருங்காயம் பிசினும்மா. அதுல மாவு எங்கேருந்து வரும்?"

"டப்பாவையே கொண்டாரேன். கண்ணாடி போட்டுப் படிங்க."

அதற்குள் லூச்சியாவின் மணிக்கட்டைப் பற்றிவிட்டேன். டப்பாவின் முதுகில், பொடி எழுத்தில், கோதுமை மாவு. அதே டப்பாவை ஐம்பது ஆண்டுகளாகத் தினமும் திறக்கிறேன். ஒருமுறையும் திருப்பிப் பார்த்ததில்லை.

"இட்லிப் பானைல வேற எதுவும் வேகலைங்க. சட்னியைத் தாளிக்காம தரேன்" என்றார் அந்தப் பெண். லூச்சியா ஆறு இட்லி உண்டார். ஞாயிறு காலை தன் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு ரயிலேறினார்.

பயணம் திட்டமிடுவோருக்கு: கடை எங்கே என்பதைக் கடைசியாகக் கற்றால் போதும், மூக்கே காட்டிவிடும். "கோஸா சே தென்த்ரோ" முதலில் வரட்டும். விடை சொல்பவரிடம் டப்பாவையும் கேளுங்கள். இத்தாலி செல்லும் சைவ உணவுக்காரர்களே, அங்குள்ள பாலாடைக்கட்டி பலவற்றில் கன்றின் இரைப்பைச் சாறு சேர்கிறது. யாரேனும் ஒரு மூதாட்டி, வெறும் பால்தான் என்று உங்களிடம் அடித்துச் சொல்வார். அவர் பொய் சொல்லமாட்டார். நானும் சொல்லவில்லை.