நாகலெட்சுமி கையில் கொடுத்த சாவி

சாவி வாங்கின ஆளுக்கு வீடு எப்படி இல்லாமல் போகும்? அன்று எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், ஒருவருக்கும் பதில் தெரியவில்லை.

தேர்தலுக்காக மஸ்கெலியா எங்கும் ஒட்டியிருந்த போஸ்டரில் இருந்தவள் கொழுந்து பறிக்கும் நாகலெட்சுமி. தொழிற்சங்கத் தலைவர் சோலைமலை அவள் கையில் சாவி கொடுக்கிறார். பின்னால் புது வீடு. "சொன்னோம், செய்தோம்!" என்று கொட்டை எழுத்து. படம் பிடித்த கையோடு சங்கத்து ஆட்கள் சாவியைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். "தேர்தல் முடியட்டும், கூப்பிடுறோம்மா" என்றார்கள். அவளும் நம்பி, லயம் முழுக்கக் கேசரி கிண்டிக் கொடுத்தாள்.

தேர்தல் முடிந்தது. யாரும் கூப்பிடவில்லை. அடைமழையில் லயத்தில் அவள் குடியிருந்த ஒற்றையறைக் காம்பராவின் பின்சுவர் சரிந்து விழுந்தது. சுவர் இடிந்தவர்களுக்கு வீடு கொடுக்கப் பேர் எழுத வந்த உத்தியோகத்தர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஒங்களுக்குத்தான் வீடு குடுத்தாச்சே. ஊரெல்லாம் படம் ஒட்டியிருக்கே."

"அது படம் புடிக்கக் குடுத்த சாவிங்கய்யா."

அவர் நம்பவில்லை. பக்கத்துக் காம்பரா ஜீவராணியும் நம்பவில்லை. "அத வாடகைக்கு விட்டுட்டு இங்கயும் ஒண்ணு கேக்குறியாக்கும்? ஒன் கேசரியத் தின்ன வாய்தான் கேக்குது, சொல்லுடி!"

அடுத்த ஞாயிறு கோயிலடியில் ஓட்டுப் போட்டவர்களுக்கு நன்றிக் கூட்டம். சோலைமலை மைக்கைப் பிடித்ததும் நாகலெட்சுமி எழுந்து நின்றாள்.

"தலைவரே, என் வீடு எங்கங்க? காட்டுங்க, இன்னைக்கே போய்ப் படுத்துக்கிறேன்."

"இந்த அம்மா எனக்குத் தாய் மாதிரி" என்றார் அவர், குரல் தழுதழுக்க. சனம் கைதட்டியது. அவள் உட்காரவில்லை.

"நம்ம ஒற்றுமையை உடைக்க யாரோ இவங்கள ஏவி விட்டிருக்காங்க!" அதற்கும் கைதட்டல்.

"இந்த மலைக்கு ரத்தம் சிந்தின சனம் நாம!" இன்னும் பலமான கைதட்டல். கேட்ட கேள்வியைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் அவரிடம் பேச்சு இருந்தது.

"தாய்ங்கிறீங்க, ரத்தம்ங்கிறீங்க" என்று அவள் கத்தினாள். "நான் கேட்டது வீடு! அதுக்கு ஒரு வார்த்த சொன்னீங்களா?"

தட்டிக்கொண்டிருந்த ஜீவராணியின் கை நின்றது. "ஆமா, அதுக்கு ஒண்ணுமே சொல்லலையே" என்றாள் சத்தமாக. பின்னாலிருந்தும் நாலைந்து குரல் கேட்டது. உடனே மைக்கை அணைத்து, சாமி பாட்டைப் போட்டுவிட்டார்கள்.

மறுநாள் ஜீவராணியே ஆள் திரட்டிக்கொண்டு போய் உத்தியோகத்தர் முன் நின்றாள். "இவளுக்கு எங்கயும் வீடு இல்லங்க. இடிஞ்ச செவத்துக்குப் பதிலா படங்குத் துணி கட்டிக்கிட்டுத்தான் படுக்குறா. வந்து பாருங்க." அன்றைக்குத்தான் பேர் எழுதினார்கள். வீடு இன்னும் வரவில்லை.

போஸ்டர் மட்டும் அட்டன், வட்டவளை என்று சுவர் சுவராக இன்னும் சிரிக்கிறது. அதைக் கிழிக்க எங்கள் கை எட்டாத ஊர்கள் நிறைய. அந்தப் பக்கம் உங்களுக்குத் தெரிந்தவர்கள் இருந்தால், தயவுசெய்து இந்தக் கதையை அவர்களிடம் சொல்லுங்கள்.