ஒரு கை குறைகிறது

சின்ன ஊரில் எல்லோரும் எல்லோரோடும் ஒட்டி உறவாடுவார்கள் என்று எழுதுகிறவர்களைப் பிடித்து, ஒரு குளிர்காலம் முழுக்க ஒரு சின்ன ஊரில் விட்டுவிட வேண்டும். பிறகு எழுதட்டும்.

நான் இருந்த ஊர் ஜெர்மனியில், எர்லாங்கனிலிருந்து ரயிலில் அரைமணி தூரம். அறுபதுகளின் கடைசி. எனக்கு எர்லாங்கனில் ஒரு பட்டறையில் லேத் வேலை. வாடகை குறைவு என்று இந்த ஊரில் அறை எடுத்தேன். ஒரு சர்ச், ஒரு ரொட்டிக்கடை, ஒரு கறிக்கடை, ஒரு முடிவெட்டும் கடை, பீரும் சாப்பாடும் கிடைக்கிற ஒரு விடுதி. அவ்வளவுதான் ஊர். சனிக்கிழமை மதியத்தோடு கடைகளை மூடிவிட்டு ஆளாளுக்குத் தெருவைப் பெருக்குவார்கள். நம் வாசலிலிருந்து தெருவின் நடுப்பகுதி வரை நம்முடையது. மறுபாதி எதிர்வீட்டுக்காரருடையது. இது தெரியாமல் நான் முதல் வாரம் முழுத் தெருவையும் பெருக்கித் தள்ளிவிட்டேன். எதிர்வீட்டு அம்மாள் அதற்கப்புறம் பல நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் பெருக்கியது போதாது என்று நான் ஊருக்குச் சொல்லிக் காட்டினேனாம்.

ஆட்கள் கெட்டவர்கள் இல்லை. அதுதான் எனக்குக் கோபம். கெட்டவர்களாக இருந்தால் சண்டை போட்டிருக்கலாம். இவர்கள் மரியாதையானவர்கள். ஜெர்மனில் ‘டூ’ என்றால் நீ, ‘ஸீ’ என்றால் நீங்கள். ரொட்டிக்கடையில் ஊர்க்காரர்கள் ஒருவரை ஒருவர் டூ போட்டுக் கத்திக்கொண்டிருப்பார்கள். நான் கதவைத் திறந்ததும் பேச்சு நின்றுவிடும். “இன்ஜினியர் ஐயாவுக்கு என்ன வேணுங்க?” என்று ஸீ வரும். நான் இன்ஜினியர் இல்லை என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போனேன். கறுப்பாக இருந்து, காலையில் எர்லாங்கன் ரயிலில் ஏறினால், அவன் இன்ஜினியர். யார் கேட்கப் போகிறார்கள்?

கொஞ்சம் மனிதனாகப் பேசியவர் தபால்காரர் மட்டும்தான். ஊரிலிருந்து கடிதம் வந்தால் கொடுக்காமல் கையில் வைத்துக்கொண்டு, தபால்தலையில் இருப்பது என்ன பறவை, என்ன கோயில் என்று கேட்பார். அவரும் ஸீதான்.

எர்லாங்கன் பல்கலைக்கழகத்தில் தஞ்சாவூர்க்காரன் ஒருவன் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தான். என் வயதுதான். அவன் வீட்டில் மாதம் ஒருமுறை சாம்பார் வைத்துச் சாப்பிட்டுவிட்டு, புளி கிடைக்காத கொடுமையைப் பற்றி அழுதுவிட்டுக் கலைவோம். ஜனவரியில் அப்படிக் கூடியபோது சொன்னான்.

“டேய், அந்தப் பட்டிக்காட்டுல என்னடா பண்றே? பேச ஆள் உண்டா? என் ஃப்ளாட்ல ஒரு ரூம் ஏப்ரல்ல காலியாறது. வந்துடு. மார்ச் எண்டுக்குள்ள சொல்லு, வேற ரெண்டு பேர் கேட்டுண்டிருக்கா.”

வருகிறேன் என்று அப்போதே சொல்லியிருப்பேன். வாயில் அப்பளம் இருந்தது, தலையை மட்டும் ஆட்டினேன். போவது என்றுதான் முடிவு.

பிப்ரவரியில் தபால்காரர் பனியில் சைக்கிளோடு விழுந்து கணுக்கால் எலும்பை முறித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை நான் விடுதியில் கதகதப்புக்காக அடுப்போரம் தனியாக உட்கார்ந்திருந்தேன். சர்ச்சில் பூசை முடிந்து ஆண்கள் நேராக அங்கேதான் வருவார்கள். பெண்கள் வீட்டுக்குப் போய்ச் சமைக்க வேண்டும், இவர்கள் அது வேகும்வரை பீர் குடித்துச் சீட்டாட வேண்டும். இந்த அநியாயத்துக்கு அங்கே ஒரு பெயரே உண்டு, பாதிரியாரும் ஒன்றும் சொல்ல மாட்டார். ரொட்டிக்கடைக்காரர், கறிக்கடைக்காரர், முடிவெட்டுகிறவர் மூவரும் மூலை மேஜையில் வந்து உட்கார்ந்தார்கள். சீட்டைக் குலுக்கினார்கள். குலுக்கிக்கொண்டே இருந்தார்கள். நாலாவது ஆள் தபால்காரர்.

உலகத்தில் எந்த மூலையில் இருந்தாலும், ஒரு கை குறைகிறவன் முகத்தை எனக்குத் தெரியும். எங்கள் விருதுநகரில் எத்தனை திண்டாட்டம் பார்த்திருக்கிறேன்.

ரொட்டிக்கடைக்காரர் எழுந்து வந்தார். “மன்னிக்கணும் இன்ஜினியர் ஐயா, உங்களுக்குச் சீட்டாட வருங்களா?”

“வரும்” என்றேன்.

எனக்கு வந்தது நம் ஊர் இருபத்தெட்டு ஆட்டம். அவர்கள் ஆட்டத்தின் பெயருக்கு ஆட்டுத்தலை என்று அர்த்தம். சீட்டில் ராணியே கிடையாது. இலை, மணி, இதயம், ஓக்கு மரத்துக் கொட்டை என்று நாலு நிறம். பெரிய ஜாக்கி, சின்ன ஜாக்கி என்று இரண்டு வகை, இரண்டும் ராஜாவை அடிக்கும் என்று சொன்னார்கள். ராஜாவை ஜாக்கி அடிக்குமென்றால் இது நம்ம ஆட்டமல்லவா என்று துள்ளிவிட்டேன். இருபத்தெட்டில் ஜாக்கிக்கு அடுத்த பெரிய சீட்டு ஒன்பது. கையில் இருந்த ஒன்பதை மேஜை அதிரத் தட்டினேன்.

மூவரும் ஒன்பதைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள்.

“அழகாத் தட்டுனீங்க” என்றார் முடிவெட்டுகிறவர்.

அந்த ஆட்டத்தில் ஒன்பது வெறும் குப்பை. அவர்கள் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம். “பரவாயில்லைங்க, பழகிடும்ங்க” என்று மூன்று பேரும் மாற்றி மாற்றிச் சொன்னார்கள். அடுத்த ஞாயிறும் கூப்பிட்டார்கள். அதற்கடுத்த ஞாயிறும். நான் எதைப் போட்டுக் கெடுத்தாலும் பரவாயில்லைங்க. என்னோடு சேர்ந்து தோற்கிறவருக்குக் காது சிவக்கும், பல்லைக் கடிப்பார், பரவாயில்லைங்க என்பார். விருந்தாளி வீட்டுக் குழந்தை தட்டை உடைத்தால் சொல்வோமே, அந்தக் குரல். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சீட்டாட்டத்தில் திட்டு வாங்காதவன் ஆட்டத்திலேயே இல்லை என்று அர்த்தம்.

என்னைக் கவிழ்த்தது இன்னொரு பழக்கம். இருபத்தெட்டில் எதிரே உட்கார்ந்திருப்பவன் நம் ஆள். ஆட்டுத்தலையில் யார் யாரோடு என்பது ஒவ்வொரு ஆட்டத்துக்கும் மாறும். ஆட்டம் கேட்கிறவர் ஒரு ஏஸின் பெயரைச் சொல்வார். அது யாரிடம் இருக்கிறதோ அவர் வாயைத் திறக்காமல் அவருக்குக் கூட்டாளி. மார்ச் மாதம் ஒரு ஞாயிறு, ரொட்டிக்கடைக்காரர் ஓக்குக் கொட்டை ஏஸைக் கேட்டார். அது என் கையில் இருந்தது. நான் அவர் ஆள். புத்திக்குத் தெரிந்தது, கைக்குத் தெரியவில்லை. எதிரே இருந்த கறிக்கடைக்காரர் பிடிக்கப் போகிற சுற்றில், நம்ம ஆள்தானே என்று என் கை பத்துப் புள்ளிச் சீட்டைத் தூக்கி அவர் முன்னால் அன்பளிப்பாக வைத்தது.

அந்தப் பத்தில் ஆட்டம் போயிற்று.

ரொட்டிக்கடைக்காரர் மேஜையில் குத்தினார். பீர்க் குவளைகள் குதித்தன.

“ஏலே மாட்டுப்பயலே! உன் தலைக்குள்ள என்னலே வச்சிருக்க, வைக்கோலா?”

அவர் பேசியது அந்தப் பக்கத்துக் கொச்சை. அவர்கள் வாயில் ஆங்கில p, b இரண்டும் ஒரே ப, t, d இரண்டும் ஒரே த, நம் எழுத்தைப் போலவே. அதை எங்கள் ஊர்ப் பேச்சில்தான் எழுத முடியும். டூ போட்டுத்தான் திட்டினார்.

அடுத்த நொடியே மனிதருக்கு முகம் வெளுத்துவிட்டது. “மன்னிக்கணும் இன்ஜினியர் ஐயா, வாய் தவறி…”

“என்ன மன்னிப்பு?” என்று எழுந்துவிட்டேன். இத்தனை நாள் சேர்ந்த கோபம், தெரிந்த ஜெர்மன் முழுவதும் ஒன்றாக வந்தது. “நான் மாடுன்னா நீ யாரு? கை நிறையத் துருப்பு வச்சிருந்தியே, வரிசையா இறக்கியிருந்தா அவங்க கையில என்ன மிஞ்சியிருக்கும்? ரெண்டு இறக்கிட்டுத் தூங்கிட்டே. ரொட்டி சுடத்தான் விடியுமுன்ன எந்திரிக்கிறே, அதுக்காக ஆட்டத்தில தூங்கணுமா?”

நானும் டூ போட்டுத்தான் சொன்னேன். என் ஜெர்மனில் கோபத்துக்கு ஸீ கிடையாது.

கறிக்கடைக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “மாடு சொல்றது சரிதாம்லே. நீ தூங்கிட்டே.”

ரொட்டிக்கடைக்காரர் சீட்டை அள்ளிக் குலுக்கினார். “உக்காருலே” என்றார். உட்கார்ந்தேன். மறுநாள் ரொட்டிக்கடையில் நான் நுழைந்தபோது பேச்சு நிற்கவில்லை. “மாடு வந்திருச்சு, வைக்கோல் தீர்ந்துபோச்சு, ரொட்டிதான் இருக்கு” என்று உள்ளேயிருந்து அவர் கத்தினார். வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். அன்றைக்கு ரயிலில் நான் சும்மா சும்மா சிரித்துக்கொண்டு போனேன்.

அதற்குப் பிறகு எனக்குப் பயம் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போன மனிதர் திரும்பி வருவார். அது அவர் இடம். எனக்கு அந்த ஊரில் இருந்தது அந்த ஒரு நாற்காலிதான். அதுவும் போனால் நான் மறுபடி அடுப்போரத்து இன்ஜினியர் ஐயா. தஞ்சாவூர்க்காரனுக்குப் பதில் சொல்ல வேண்டிய வாரத்தில், ஞாயிற்றுக்கிழமை, கோலை ஊன்றிக்கொண்டு தபால்காரர் விடுதிக்குள் வந்தார்.

நான் சீட்டைக் கவிழ்த்துவிட்டு எழுந்தேன். யாரும் சொல்லும்வரை காத்திருக்கிற பழக்கம் எனக்கு இல்லை.

“எங்க போற?” என்றார் ரொட்டிக்கடைக்காரர்.

“அவர் இடம் இது.”

தபால்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “இன்ஜினியர் ஐயா ஆடுறாரா? நல்லா ஆடுவாரா?”

“கேவலமா ஆடுவான்” என்றார் முடிவெட்டுகிறவர். “ஒன்பதைத் தட்டுவான் பாரு, கட்டிடமே ஆடும்.”

“அப்ப இருக்கட்டும்லே. இத்தனை வருஷமா இந்த மேசையில தோக்குறதுக்கு நான் ஒருத்தன்தான் இருந்தேன்” என்று சொல்லி, பக்கத்து மேஜையிலிருந்து கோலாலேயே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக் காலை நீட்டி உட்கார்ந்தார். ஐந்து பேர் இருந்தால் சீட்டைப் பிரித்துப் போடுகிறவர் அந்த ஆட்டம் சும்மா இருப்பார், அடுத்த ஆட்டத்துக்கு அடுத்தவர். இப்படி ஒரு வழக்கம் இருப்பதை இந்தப் பயல்கள் எனக்குச் சொல்லவே இல்லை. நான் இரண்டு வாரமாகத் தூங்காமல் இருந்தேன்.

“முதல்ல நீதான் போடணும், மாடு” என்றார் தபால்காரர். அவரும் டூவுக்கு வந்துவிட்டார்.

சீட்டைப் போட்டுவிட்டுச் சும்மா இருந்தேன். சும்மா இருக்க முடியவில்லை. தபால்காரர் கையை எட்டிப் பார்த்து, அவர் போட்ட சீட்டுக்கு “அய்யோ” என்றேன். வெளியில் இருக்கிறவன் வாயைத் திறக்கக் கூடாது என்று நாலு பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

திங்கட்கிழமை வேலை விட்டதும் தஞ்சாவூர்க்காரன் வீட்டுக்குப் போனேன்.

“ரூம் வேண்டாம்டா.”

“ஏன்டா? வேற எங்கேயாவது ஃப்ளாட் கிடைச்சுடுத்தா?”

“இல்ல. அங்கேயே இருக்கேன்.”

“அந்தப் பட்டிக்காட்டுலயா? யாருடா இருக்கா அங்கே உனக்கு?”

ரொட்டிக்கடைக்காரன், கறிக்கடைக்காரன், முடிவெட்டுகிறவன், தபால்காரன் என்று சொன்னேன். அவன் காபிப் பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கிவிட்டு என்னைப் பார்த்தான்.

“அப்ப அந்த ரூமைக் கேட்டுண்டிருந்த கேரளாக்காரனுக்குக் குடுத்துடவா?”

“குடு” என்றேன்.