தொண்ணூற்றெட்டில் அணைந்துவிடும்

அந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் அவள் டைப்பக்கா. எந்த நேரத்தில் படியேறினாலும் நாலாவது மாடியில் அவள் வீட்டுக்குள்ளிருந்து விசைகள் தட்டப்படும் சத்தம் கேட்கும். வெளியே கேட்காத இன்னொரு சத்தமும் உண்டு. அது மடிக்கணினியின் விசிறி போடுவது. பெருமூச்சில் தொடங்கும், சீறலாகும், கடைசியில் எங்கோ தண்ணீர் மோட்டார் ஓடுவது போல ஆகிவிடும். அது சட்டென்று நின்றால் திரையும் கறுத்துவிட்டது என்று அர்த்தம். அப்போது அவள் கைகளை மடியில் போட்டுக்கொண்டு, கறுத்த திரையில் தன் முகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். சூடு இறங்கப் பத்து நிமிடம் ஆகும். ஒரு நாளில் அவளுக்குக் கிடைக்கிற ஓய்வு அதுதான். அதை ஓய்வு என்று யாராவது சொன்னால் அடிக்கப் போவாள்.

மற்றவர்கள் கூட்டம் போட்டுப் பேசியதை எழுத்தாக்குவது அவள் வேலை. கம்பெனி ஒலிப்பதிவுகளை அனுப்பும். காதில் மாட்டிக்கொண்டு, இருமலையும் நாற்காலி நகர்வதையும் விட்டுவிட்டு, பேசியதை மட்டும் சொல் பிசகாமல் அடித்து அனுப்ப வேண்டும். எல்லாக் கூட்டங்களுக்கும் பின்னால் குளிர்சாதனத்தின் முனகல் ஓடிக்கொண்டே இருக்கும். "ஏசியைக் கொஞ்சம் குறைங்கப்பா, கை விறைக்குது" என்று யாராவது சொல்வார்கள். பேச்சு என்பதால் அதையும் அடிக்க வேண்டும். நெற்றி வியர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டு அடிப்பாள்.

ஒன்பது வருடத்துக்கு முன் கம்பெனிக்கு ஒரு அலுவலகம் இருந்தது. ஒரு நாள் மேசை நாற்காலிகளை விற்றுவிட்டு, ஆளுக்கொரு மடிக்கணினியைக் கையில் கொடுத்து, வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொன்னார்கள். வாங்கி வந்த அன்று அது சில்லென்று இருந்தது. அதுதான் அவளுக்கு ஞாபகம். இப்போது இடது ஓரத்து எழுத்துகளில் விரல் வைத்தால், ஆறாத டம்ளரைத் தொட்டது போல இருக்கிறது. புதிது வாங்குவதைப் பற்றி வீட்டில் பேச்சு வரும். வந்த வழியே போய்விடும்.

வீட்டில் அவளும் மாமனாரும்தான். கணவன் வேறு ஊரில் ஒரு கிடங்கில் வேலை பார்க்கிறான். மாதம் இரண்டு முறை வந்து தூங்கிவிட்டுப் போவான். மாமனார் முப்பது வருடம் ஒரு பெரிய அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் இயக்கியவர். கடைசியில் குடிவந்து சேர்ந்தது லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் நாலாவது மாடிக்கு. இரண்டு முழங்காலும் போய்விட்டன. கைத்தடியோடு அறைக்கும் கூடத்துக்கும் நடப்பார். படி இறங்கி ஒரு வருடம் ஆகிறது.

திரையின் மூலையில் மடிக்கணினியின் சூடு ஓர் எண்ணாகத் தெரியும். அதைத் தினமும் விசாரிப்பது அவர் வழக்கம்.

"சீக்காளிக்கு இன்னிக்கு எவ்ளோ ஜுரம்?"

"எண்பத்தேழு, மாமா."

"எனக்கு அதுல பாதி வந்திருந்தாலே ஆளை அனுப்பி வச்சிருப்பீங்க."

அந்த எண்ணை அங்கே வைத்துக்கொடுத்தவன் கடைத்தெருவில் இருக்கும் மெக்கானிக். போன வருடம் தொடர்ந்து அணைய ஆரம்பித்தபோது அவனிடம் கொண்டு போனாள். அவன் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை உதறினான்.

"என்னக்கா இது, இஸ்திரிப்பெட்டிக்கு கீபோர்டு வச்சு யாரு வித்தாங்க?"

அடிமூடியைக் கழற்றியதும் விசிறிக்குப் பக்கத்தில் கம்பளித் துண்டு போல ஒன்று அடைத்துக்கொண்டிருந்தது. இடுக்கியால் உரித்தெடுத்து வெளிச்சத்தில் காட்டினான். நீல நிறம். அந்த நீலத்தை அவளுக்குத் தெரியும். ராத்திரி வேலை முடிந்ததும் தூசி படக்கூடாதென்று மடிக்கணினிமேல் அவள் போர்த்திவைக்கும் துண்டின் நீலம். அணைத்தால் காலையில் விழித்துக்கொள்ள வெகுநேரம் எடுக்கிறதென்று, அணைக்காமலேயே போர்த்திவிடுவாள். எட்டு வருடமாக அது துண்டுக்குள் மூச்சுமுட்டிக் கிடந்து, துண்டின் நூலையே இழுத்து விழுங்கியிருக்கிறது.

"எதுக்குக்கா போர்த்துனீங்க, குளிருமேன்னா?"

"தூசி விழுமேன்னு."

"உள்ள ஈரம் பட்ட தடம் தெரியுதே. ஃபிரிட்ஜ்ல ஏதும் வச்சீங்களா?"

அவள் இடுக்கியிலிருந்த நீலத்தையே பார்த்தாள். வைத்திருந்தாள். ஒரே ஒரு முறை, பால் பாக்கெட்டுக்கும் எலுமிச்சம்பழத்துக்கும் நடுவில், மாமனாரின் யோசனைப்படி.

அவன் காய்ந்து சுண்ணாம்பாகிவிட்ட பசையைச் சுரண்டிப் புதுப்பசை வைத்தான். விசிறி தேய்ந்துவிட்டது என்றும், இந்த மாடலுக்கு வேறு விசிறி வருவதில்லை என்றும் சொன்னான். "பின்பக்கத்தைத் தூக்கி வையுங்க. துணிமேல வைக்காதீங்க. வீடியோ கீடியோ வேண்டாம், அதுலதான் சூடு எகிறும். தொண்ணூத்தெட்டு தொட்டா தானா அணைஞ்சுடும். அது தன்னைக் காப்பாத்திக்கறது, திட்டாதீங்க."

"இன்னும் எத்தனை நாளைக்கு வரும்?"

"டாக்டர்கிட்ட இதைக் கேட்டா சொல்வாரா? என்கிட்ட மட்டும் கேக்கறீங்க."

அதிலிருந்து அவள் வீட்டுக்குள்ளேயே இடம்பெயர்ந்துகொண்டிருந்தாள். விடிந்ததும் கூடம். பத்து மணிக்கு வெயில் ஜன்னலைத் தாண்டியதும் சமையலறை வாசல். பன்னிரண்டுக்குமேல் மொட்டை மாடியின் சூடு கூரை வழியே இறங்கியதும் குளியலறை. வெயில் படாத சுவரும், கல் தரையும் அங்கேதான். பக்கெட்டைக் கவிழ்த்து, அதன்மேல் ஒரு பலகை, பலகைமேல் இரண்டு சோப்பு டப்பா, சோப்பு டப்பாக்கள்மேல் மடிக்கணினியின் பின்பக்கம். மின்சார வயர் தரையில் படாமல் கதவுக்கு மேலிருக்கும் திறப்பு வழியாக வரும். அவள் முக்காலியில் உட்கார்ந்துகொள்வாள். காலை ஏழு மணிக்குமேல் அந்த வீட்டில் யாரும் குளிப்பதில்லை. தரையைத் துடைத்துக் காயவிட்டிருப்பாள். அங்கே எண் எண்பதைத் தாண்டுவது அபூர்வம்.

கழிப்பிடமும் அதே அறைதான். மணிக்கு ஒரு முறை கதவில் கைத்தடி இரண்டு தட்டுத் தட்டும். அவள் மடிக்கணினியைக் குழந்தை மாதிரி நெஞ்சில் அணைத்துக்கொண்டு வெளியே வந்து, நடையில் நிற்பாள். மாமனார் உள்ளே போவார். எண் மூன்று, நான்கு ஏறும். "சிம்மாசனம் காலிம்மா" என்றபடி அவர் வெளியே வருவார். இப்படி இரண்டு கோடை ஓடிவிட்டது.

போன வாரம் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. வீட்டிலிருந்து வேலை செய்பவர்களை இனி முகம் பார்க்காமல் வைத்துக்கொள்ள மாட்டார்களாம். அரை மணி நேரம் வீடியோவில் இருக்க வேண்டும். மூடிய அறை, வேறு ஆள் கூடாது, அவர்கள் கொடுக்கும் பதிவை அவர்கள் கண்ணெதிரில் அடிக்க வேண்டும். தேறாதவர்களின் பெயர் பட்டியலில் இருக்காது. அவளுக்குப் புதன்கிழமை மதியம் இரண்டு மணி.

செவ்வாயன்று வீடியோவை ஓடவிட்டுப் பார்த்தாள். மாமனாரின் அறையில், அவருடைய மேசை விசிறியையும் திருப்பி வைத்து, பதினோரு நிமிடம் தாங்கியது. குளியலறையில் முப்பத்துமூன்று.

"அப்ப அங்கேயே உக்காரு" என்றார் மாமனார்.

"பாத்ரூம் மாமா அது."

"அவங்களுக்கு எதுக்கு அந்த விவரம்? நாலு போர்வையைக் கட்டு. ஆபீஸ் ஆயிடும்."

"அரை மணி நேரம் நீங்க என்ன பண்ணுவீங்க?"

"அடக்குவேன். முப்பது வருஷம் லிஃப்ட்டுல நின்னவன்மா நான். மாத்து ஆள் வர்ற வரைக்கும் அசைய முடியாது. அரை மணி நேரமெல்லாம் எனக்கு எந்த மூலைக்கு?"

அப்போது அவருக்கு எழுபத்தாறு வயது இல்லை என்பதை இரண்டு பேருமே சொல்லவில்லை. அவள் தயங்கித் தயங்கி, "அலமாரி மேல அந்தக் குடுவை இருக்கு..." என்று ஆரம்பித்தாள். முழங்கால் ஆபரேஷன் ஆன புதிதில், படுக்கையிலேயே சிறுநீர் கழிக்கக் கணவன் வாங்கிவந்த பிளாஸ்டிக் குடுவை. பை பிரிக்கவில்லை.

"அந்த அளவுக்கு வரல" என்றார். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

புதன்கிழமை காலையிலேயே போர்வைகளைக் கட்டினாள். குழாய்களும் வாளியும் கழிப்பிடமும் மறைந்தன. சொட்டுகிற குழாயின் வாயில் ஒரு துணியைச் சுற்றினாள். மடிக்கணினியை அதுவரை திறக்கவே இல்லை. அது ஒரு காலைநேரம் முழுக்கக் குளிர்ந்து கிடந்து அவள் பார்த்ததில்லை.

பதினொரு மணிக்கு மாமனார் அறைக்குள் போனாள். காலையில் வைத்த தண்ணீர் அப்படியே இருந்தது.

"ஏன் குடிக்கல?"

"தாகமில்ல."

உதடு வெடித்திருந்தது. வெளியே தார் இளகும் வெயில். அவள் டம்ளரை நகர்த்தி அவர் கைக்கருகில் வைத்தாள். ஒன்றரை மணிக்கும் அது அதே அளவில் இருந்தது.

இரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அவர் போய்விட்டு வந்தார். "லிஃப்ட் காலி. ஏறிக்கோ" என்றார்.

திரையில் வந்த மேற்பார்வைக்காரி அவளைவிட இருபது வயது சின்னவள். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டே பேசினாள். "ரூமை ஒரு சுத்து காட்டுங்க மேடம்."

காட்டினாள்.

"எல்லாப் பக்கமும் போர்வையா?"

"எதிரொலி வரக்கூடாதுன்னு."

"பரவாயில்லையே, ஸ்டூடியோ மாதிரி பண்ணியிருக்கீங்க" என்று எதையோ குறித்துக்கொண்டாள். எண் எழுபத்தொன்பது.

பதிவு ஓட ஆரம்பித்தது. ஏழெட்டுப் பேர் ஒரு கட்டடத்துக்கு எந்த நிறம் பூசுவது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். விரல்கள் தானாக ஓடின. பத்தாவது நிமிடத்தில் எண்பத்தாறு. ஒருவர், "அந்த ஏசியை யாராவது பாருங்களேன்" என்றார். அடித்தாள். இருபதாவது நிமிடத்தில் தொண்ணூறு. கணக்கு சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

இருபத்திரண்டாவது நிமிடத்தில், காதில் ஓடிய பேச்சுக்கு வெளியே, நடையில் கைத்தடி வரும் சத்தம் கேட்டது. கதவருகே நின்றது. தட்டவில்லை. தடி ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கம் மாறியது. இரண்டு எட்டு திரும்பிப் போனது. மறுபடி வந்தது. பிறகு மூச்சு மட்டும் கேட்டது. சின்ன மூச்சு, பல்லைக் கடித்துக்கொண்டு விடுகிற மூச்சு.

காதில் பேசியவர்கள் மூன்று வாக்கியம் தாண்டிப் போய்விட்டார்கள். அவள் பின்னால் ஓட்டினாள். மறுபடியும் விட்டுவிட்டாள். இன்னும் எட்டு நிமிடம். அவர் தட்டமாட்டார். நின்றபடியே நனைந்தாலும் தட்டமாட்டார். அதற்குப் பிறகு அவளை நிமிர்ந்து பார்க்கவும் மாட்டார்.

காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி, மடிக்கணினியிலிருந்தும் உருவினாள்.

"மேடம், நான் ஒரு நிமிஷம் வெளிய போகணும்."

"நடுவுல எழுந்திரிக்கக் கூடாது மேடம். என்ன விஷயம்?"

"மாமனார் பாத்ரூம் போகணும்."

"போகட்டுமே. அதுக்கு நீங்க ஏன் எழுந்திரிக்கணும்?"

"நான் பாத்ரூம்லதான் உக்காந்திருக்கேன்."

மேற்பார்வைக்காரி கண்ணாடியைத் தூக்கிவிட மறந்துவிட்டாள்.

அவள் மடிக்கணினியை நெஞ்சோடு தூக்கிக்கொண்டு தாழ்ப்பாளை நீக்கினாள். மாமனார் அவளை உரசிக்கொண்டு உள்ளே போனார். கதவு மூடியது. நடையின் சூடு முகத்தில் அடித்தது. தொண்ணூற்றைந்து. வீடியோ ஓடிக்கொண்டுதான் இருந்தது. உள்ளே கேட்ட சத்தம் நெடுநேரம் நிற்கவில்லை. அதை மறைக்க இருமினாள்.

"எவ்வளவு நாளா அங்க உக்காந்து..." என்றாள் மேற்பார்வைக்காரி.

"வெயில் காலத்துல மட்டும் மேடம். இது சூடாகி அணைஞ்சுடும். அங்கன்னா அணையாது."

"சேர்?"

"முக்காலி இருக்கு."

தொண்ணூற்றேழு. மேற்பார்வைக்காரி வேறு ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். தொண்ணூற்றெட்டை டைப்பக்கா பார்க்கவில்லை. அதைக் காட்ட மடிக்கணினிக்கு நேரம் இருந்ததே இல்லை. கறுத்த திரையில் அவளும், அவளுக்குப் பின்னால் மூடிய கதவும் தெரிந்தன.

கொஞ்ச நேரத்தில் கைபேசி அடித்தது. மேற்பார்வைக்காரிதான்.

"இருபத்தஞ்சு நிமிஷம்தான் ஆகியிருக்கு மேடம். முப்பது ஆகலைன்னா சிஸ்டம் ஏத்துக்காது."

"சரி மேடம்."

"நாளைக்கு ரெண்டு மணிக்கு மறுபடி போட்டிருக்கேன். ஃபார்ம்ல மூடிய அறையான்னு கேட்டிருக்கு, ஆமான்னு போட்டுட்டேன். வேற எதுவும் அதுல கேக்கல." சற்று நிறுத்தினாள். "நாளைக்கும் எழுந்திரிச்சீங்கன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. பாத்துக்குங்க."

மாமனார் சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். சிம்மாசனத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"கெடுத்துட்டேனா?"

"சூட்டுல அணைஞ்சுடுச்சு மாமா."

"அதைக் கேக்கல."

"நாளைக்கு ரெண்டு மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க."

அவர் தலையாட்டினார். அவள் போய்த் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். அவர் வாங்கவில்லை. அவள் கையை இறக்காமல் நின்றாள். இன்னொரு கையிடுக்கில் மடிக்கணினி விலாவைச் சுட்டுக்கொண்டிருந்தது. கடைசியில் வாங்கினார். பாதி குடித்தார். அவள் நகராததைப் பார்த்துவிட்டு மீதியையும் குடித்தார். தாடையில் வழிந்ததைத் துடைத்துக்கொள்ளவில்லை.

"இன்னொரு டம்ளர்" என்றாள்.

அதையும் குடித்தார். டம்ளரைத் திருப்பிக் கொடுக்கும்போது அவளைப் பார்க்காமல் கேட்டார். "அந்தக் குடுவை அலமாரி மேலயா இருக்கு?"

"ஆமா மாமா."

"இறக்கி வச்சிரு."

அவள் உடனே போகவில்லை. நடையிலேயே உட்கார்ந்து, காற்று போகட்டுமென்று மடிக்கணினியைச் சுவரில் சாய்த்து நிறுத்தினாள். ஆறு மணிக்குள் அனுப்ப வேண்டிய பதிவு ஒன்று பாக்கி இருந்தது. மாமனார் தன் அறைக்குப் போய், நாற்காலியை இழுத்து, விசிறியைத் திருப்பும் சத்தம் கேட்டது. விசிறியின் காற்று கதவிடுக்கு வழியாக நடைக்கு வந்து அவள் முழங்கையில் பட்டது. அவள் முழங்கையை நகர்த்திக்கொண்டாள். காற்று மடிக்கணினிமேல் பட்டது.

"எவ்ளோ நேரம் ஆகும்?" என்று உள்ளிருந்து கேட்டார்.

"பத்து நிமிஷம்" என்றாள்.