வேலியோரக் கேள்வி

லொங்குய்ய் மைதானத்தில் என் பக்கத்தில் இருந்தவர், டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி தூக்கும் வேலைச் சீருடையோடேயே வந்திருந்தார். முட்டை வடிவப் பந்தை நெஞ்சோடு அணைத்து, தடுப்பவர்களை மோதித் தள்ளிக்கொண்டு ஓடியவன் அவர் மகன். காலையில் தானும் மகனும் சாப்பிட்டு மிஞ்சிய இடியப்பத்தை எனக்குத் தந்தார்.

“பெரிய ஸ்டாருகள் மாதிரியே ஓடுறான், அண்ணை” என்றேன்.

“அவையளிலை ஒராளுக்கு இப்ப தன்ரை வீட்டுக்குப் போற வழி தெரியாதாம். தலை அடிபட்டு அடிபட்டு. அதாலை ஆட்டம் முடிஞ்சதும் இவனை ஒரு கேள்வி கேட்டுப் பாப்பன்.”

ஆட்டம் முடிந்ததும் வேலியோரம் போய் நின்றார். “காலமை என்ன சாப்பிட்டனி?”

மகன் யோசித்தான். பிறகு சிரித்தான். “ரெண்டு துண்டு பாண், அப்பா.”

“ஓம் ராசா, பாண்தான்” என்றார்.

கையிலிருந்த இடியப்பத்தை எங்கே ஒளிப்பதென்று எனக்குத் தெரியவில்லை.