மதினியின் எண்ணில் வந்த சீர்

ஒத்தக்கடையில் யானைமலையைப் பார்த்தபடி புதிதாக எழுந்த தெருக்களில் ஒன்றில் கனகலட்சுமி குடியிருக்கிறாள். பக்கத்துத் தனியார் கல்லூரி அலுவலகத்தில் தட்டச்சு வேலை. கணவன் அருள்பாண்டி மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறான். தெருவில் யாராவது இணையத்தில் மிக்சியோ செருப்போ வாங்குவதென்றால் முதலில் அவளிடம்தான் போனை நீட்டுவார்கள். "கூப்பன் எதுவும் கெடக்கா பாருத்தா" என்பார்கள். பெரும்பாலும் கிடைக்கும்.

அவளுடைய வழி எளிமையானது. வேண்டிய பொருளைத் தேர்ந்து வைத்துவிட்டு, பணம் கட்டாமல் இரண்டு மூன்று நாள் விட்டுவிடுவாள். விற்பவன் தவித்துப்போய்த் தானாகவே ஒரு தள்ளுபடி அனுப்புவான். அனுப்பாவிட்டால், புதிதாகச் சேருபவருக்கு முதல் ஆர்டரில் மட்டும் தரும் கூப்பன் இருக்கிறது. அதற்கு இதுவரை பதியாத போன் எண் வேண்டும். தன் எண், கணவன் எண், அம்மாவின் எண், மாடியில் இருக்கும் பிரியம்வதா டீச்சரின் எண் என்று ஒவ்வொன்றாகத் தீர்ந்துகொண்டே வந்தது. இதைத் திறமை என்று சொல்வதற்கில்லை. ஏமாற்று என்றும் தீர்த்துச் சொல்லிவிட முடியாது. மிச்சம் பிடித்த பணம் அவளிடம் ஒருநாளும் தங்கியதில்லை. அது வேறொரு பொருளாகி வேறு யாரிடமாவது போய்ச் சேரும்.

செக்கானூரணியில் இருக்கும் நாத்தனார் அன்னக்கொடியின் மகளுக்குக் காதுகுத்து வைத்தார்கள். அருள்பாண்டி தாய்மாமன். சீர்த்தட்டுகளோடு ஒரு வாஷிங் மெஷினும் செய்வதாக அவன் வாய்விட்டுவிட்டான். "டவுன்ல பெரிய கடையில சொல்லி வச்சிருக்கேன் மச்சான்" என்று அக்காள் வீட்டுக்காரர் காளையிடம் போனில் சொன்னதைக் கனகலட்சுமி பக்கத்தில் நின்று கேட்டாள். அவன் எந்தக் கடையிலும் சொல்லி வைக்கவில்லை. பணத்தை அவளிடம் கொடுத்து, "நீயே பாத்து வாங்கிரு" என்றான்.

முதல் ஆர்டர் கூப்பனில் மூவாயிரத்து ஐநூறு குறைந்தது. வீட்டில் புது எண் இல்லை. அந்த வாரம் பத்திரிகை வைக்க வந்த அன்னக்கொடி போனைச் சார்ஜில் போட்டுவிட்டுப் படுத்திருந்தாள். "மதினி, உங்க போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், எடுத்துக்கிறவா?" என்றாள் கனகலட்சுமி. "எடுத்துக்க" என்றாள் அன்னக்கொடி, கண்ணைத் திறக்காமல். குறைந்த பணம் அன்னக்கொடிக்கு எடுத்த பட்டுப்புடவையில் சேர்ந்தது. சீர் பெறுகிறவளின் எண்ணிலேயே சீரை வாங்கியிருக்கிறோம் என்பது அப்போது அவளுக்கு உறைக்கவில்லை.

விழாவுக்கு மூன்று நாள் முன்பு, வியாழக்கிழமை, உறைத்தது. பெரிய சாமான் என்பதால், பதிவு செய்த எண்ணுக்கு வரும் ஆறு இலக்கத்தைச் சொன்னால்தான் இறக்குவோம் என்று ஆர்டர் பக்கத்தில் புதிதாக ஒரு வரி வந்திருந்தது. சின்னச் சாமான்களுக்கு இதுவரை யாரும் கேட்டதில்லை. அந்த வரியைப் படித்த பிறகுதான் இன்னொன்றும் தெரிந்தது. விலை, தள்ளுபடி என்று வரும் குறுஞ்செய்தி எல்லாமே இத்தனை நாளும் அன்னக்கொடியின் போனுக்குத்தான் போய்க்கொண்டிருந்திருக்கும்.

அவள் பயந்தது அன்னக்கொடிக்கு மட்டுமல்ல, காளைக்கும்தான். காளையின் தம்பிக்கு மாமனார் வீட்டில் ஒரு பீரோ செய்தார்கள். காளை அதன் மெல்லிய தகரத்தை விரலால் தட்டி, "சீரு கொண்டாந்தீகளா, கொட்டு கொண்டாந்தீகளா?" என்று சபையில் கேட்டார். மூன்று வருடமாயிற்று, அந்த வீட்டாரை இன்னும் கொட்டுக்காரர் என்றுதான் சொல்கிறார்கள். கூப்பன்காரர் என்ற பெயர் அருள்பாண்டிக்கு எத்தனை வருடம் ஓடும் என்று அவள் நினைத்துப் பார்த்தாள். பொருள் ஒன்றுதான், கம்பெனி ஒன்றுதான். ஆனால் சபையில் பொருளையா பார்க்கிறார்கள்? கொடுத்தவன் எவ்வளவு வலித்துக் கொடுத்தான் என்பதை அல்லவா பார்க்கிறார்கள்.

எண்ணை மாற்ற முடியுமா என்று வாடிக்கையாளர் சேவைக்கு இரண்டு முறை பேசினாள். முடியாது என்றார்கள். வெள்ளிக்கிழமை வரவேண்டிய மெஷின் வரவில்லை. சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு வேன் வந்தது. டிரைவர் தமிழ்மாறனுக்கு ஐம்பது வயதிருக்கும்; நிதானமான ஆள்.

"நம்பர் சொல்லுங்கம்மா."

"அண்ணே, நம்பர் வேற ஊர்ல இருக்கு. எறக்கி வையுங்க, அப்புறமா சொல்றேன்."

"நம்பர் போடாம எறக்குனா எனக்குத்தான் வெனை. இன்னைக்குத் திரும்பிப் போனா அடுத்து செவ்வாக்கெழமதான் இந்தப் பக்கம் வாரேன்."

"நாளைக்குக் காதுகுத்துண்ணே."

"அப்பப் போனப் போடுங்க."

போட்டாள். மூன்றாவது முறைதான் எடுத்தாள் அன்னக்கொடி. பின்னால் பந்தல்காரர்களின் சத்தம்.

"மதினி, சாப்டீகளா?"

"மணி பதினொண்ணு. எதத்தா சாப்பிட? சொல்லு."

"ஒண்ணுமில்ல மதினி, உங்க போனுக்கு ஒரு நம்பர்..."

"அஞ்சு, மூணு, எட்டு, எட்டு, ரெண்டு, ஒண்ணு. ரெண்டு தடவ வந்துச்சு. பின்னால வந்ததத்தான் சொல்றேன்."

கனகலட்சுமி ஒவ்வொரு இலக்கத்தையும் தமிழ்மாறனிடம் திருப்பிச் சொன்னாள். அவர் வேனின் பின்கதவைத் திறந்தார்.

"எம் பேருல வாங்கி எனக்கே சீரு செய்யுற மொத ஆளு நீதான்த்தா" என்றாள் அன்னக்கொடி.

"எப்பருந்து தெரியும் மதினி?"

"நீ ஆர்டர் போட்ட அன்னைக்கே. மூவாயிரத்து ஐநூறு மிச்சம் பண்ணிட்டீகன்னு வந்துச்சு. நாம எங்கடா மிச்சம் பண்ணோம்னு ஒக்காந்து யோசிச்சேன்."

"ஏன் மதினி ஒரு வார்த்த கேக்கல?"

காளையின் காதில் விழாதபடி அன்னக்கொடியின் குரல் தணிந்தது. "கேட்டு என்ன செய்ய? வாரதையெல்லாம் உங்க அண்ணன் கண்ணுல படுமுன்ன அழிக்கிறதே எனக்கு வேலையாப் போச்சு. ஒரு மாசமா குளிக்கப் போனாலும் போனக் கையில கொண்டுபோறேன். எவன்கூடடி பேசுறன்னு கேக்குறாரு."

கனகலட்சுமி தன் வீட்டுப் பெயரைத் தான் மட்டும் காப்பதாக நினைத்துத் தவித்த நாட்களில், அதே பெயரை இன்னொருத்தி அங்கே இருந்து காத்திருக்கிறாள்.

"உன் மவனுக்குக் காது குத்தும்போது அத்தை சீரு நான்தான செய்யணும்? அப்ப உன் நம்பரக் குடு."

"என் நம்பர் எப்பவோ தீந்துபோச்சு மதினி."

"வெளங்குச்சு. பெட்டியில எம் பேரு ஒட்டியிருக்கும், மொத அதக் கிழி" என்று வைத்துவிட்டாள்.

ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினாள், ஈரத்துணி வைத்துத் தேய்த்தாள். பாதிதான் வந்தது. பெயரின் கடைசி எழுத்துகளும் எண்ணில் நான்கு இலக்கமும் அட்டையோடு நின்றுகொண்டன. அதன்மேல் வண்ணக் காகிதம் ஒட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை மெஷினை மினிலாரியில் ஏற்றி, மேளம் முன்னால் போக, செக்கானூரணி மண்டபத்துக்குக் கொண்டுபோனார்கள். வெயிலில் பசை இளகி, வண்ணக் காகிதத்தின் ஒரு மூலை பெயர்ந்திருந்ததை இறங்கும்போதுதான் கனகலட்சுமி பார்த்தாள். அதற்குள் காளை பெட்டியருகே வந்துவிட்டார். விரலால் இரண்டு தட்டு தட்டினார்.

"கம்பெனி சாமான்தான்" என்றார். பிறகு மூலையைப் பார்த்துக் குனிந்தார்.

"அங்க என்ன ஆராய்ச்சி? வந்த மாமனுக்கு மாலையப் போடுங்க" என்றாள் அன்னக்கொடி, ஆரத்தித் தட்டோடு குறுக்கே வந்து. காளை நிமிர்ந்து மாலையைத் தேடிப் போனார். அன்னக்கொடி தட்டை இறக்காமலே கனகலட்சுமியின் பக்கம் சாய்ந்தாள்.

"வீடியோக்காரன் அந்தப் பக்கந்தான் நிக்கிறான். மறச்சு நில்லு."

கடைசித் தட்டு உள்ளே போகும்வரை கனகலட்சுமி அந்த மூலையை விட்டு நகரவில்லை.