ஏழு பேரிடம் இருந்த என் கடவுச்சொல்

ஹுன்னஸ்கிரியத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டுக்குள் கைபேசி வெறும் மணிக்கூடு. யாரோடாவது பேச வேண்டுமென்றால் பம்ப் அறைக்கு மேலே இருக்கும் பாறையில் ஏற வேண்டும். அங்கேயும் பேச்சு மட்டும்தான் நிச்சயம். இன்டர்நெட் தன் இஷ்டத்துக்கு வரும், போகும். என் தங்கையைப் பெண் பார்க்க வந்தவர்கள் வடையையும் கேசரியையும் சாப்பிட்டுவிட்டு, "சொல்லி அனுப்புறோங்க" என்று புறப்பட்டுப் போன ஒரு புதன்கிழமை பிற்பகல், கட்டிய சேலையோடு நான் அந்தப் பாறையில் ஏறினேன். ஏறியதும் கைபேசி அதிர ஆரம்பித்தது. நாற்பத்தொரு தவறிய அழைப்புகள். யாரோ செத்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

விடுதியில் என் அறைத்தோழி ஒரு குறுஞ்செய்தி அனுப்பியிருந்தாள். அவள் யாழ்ப்பாணத்துக்காரி, அளந்துதான் பேசுவாள். "நீ அனுப்பின மெயிலை நம்பி நாங்கள் பதினொரு பேர் சோதினைக்குப் போகேல்லை. சோதினை நடந்து முடிஞ்சிட்டுது."

நான் எந்த மெயிலும் அனுப்பவில்லை.

அப்போது நான் கண்டிக்குப் பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் நான்காம் வருடம் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் பேட்ச்சின் பிரதிநிதியும் நான்தான். வாயாடி என்பதால் தேர்ந்தெடுத்தார்கள். விரிவுரையாளர்கள் நேரத்தை மாற்றினால் என்னிடம் சொல்வார்கள். நான் பல்கலைக்கழக மின்னஞ்சலில் எல்லோருக்கும் அறிவிப்பேன். பேட்ச் முழுவதற்கும் ஒரே தடவையில் மெயில் அனுப்பும் அனுமதி மாணவர்களில் என் கணக்குக்கு மட்டும்தான் இருந்தது. அந்த வாரம் எங்களுக்குச் செய்முறைப் பரீட்சை. பாதிப் பேருக்குத் திங்கள், மீதிப் பேருக்குப் புதன். எனக்குத் திங்கட்கிழமையே முடிந்துவிட்டதால் செவ்வாய் மதியம் கண்டி கூட்ஸ் ஷெட் பஸ் நிலையத்தில் பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன். நான் பஸ்ஸில் தூங்கி வழிந்துகொண்டிருந்த நேரத்தில், "புதன்கிழமைப் பரீட்சை ஒத்திவைக்கப்பட்டுள்ளது" என்று என் பெயரில் ஒரு மெயில் போயிருக்கிறது. மெயில் பார்க்கும் பழக்கமில்லாத சோம்பேறிகள் எல்லோரும் தப்பித்துக்கொண்டார்கள். ஒழுங்காகப் பார்க்கிற பதினொரு பேர் மாட்டிக்கொண்டார்கள்.

மறுநாள் முதல் பஸ்ஸில் வந்து இறங்கினேன். எனக்கு மூக்கின் மேல் கோபம் என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். அன்று அது பஸ்ஸில் வரும்போதே கொதித்துக்கொண்டிருந்தது. நேரே கணினி நிலையத்துக்குப் போய், அங்கே பொறுப்பாக இருந்த கெலிஓயாக்காரரிடம், என் கணக்கை யாரோ ஹேக் செய்துவிட்டார்கள், உங்கள் பாதுகாப்பு என்ன லட்சணம் என்று சத்தம் போட்டேன். அவர் என்னைக் கதிரையில் உட்கார வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தார். அவர் பேச்சில் 'இருந்தது' எல்லாம் 'ஈந்தது'தான்.

"நீங்க அந்த நேரம் பஸ்ஸுல ஈந்தீங்க, சரி மகள். ஆனா உங்கட பேருல இங்க லெப்ல ஆள் ஈந்தீக்கி. பதினாலாம் நம்பர் மெசின். பாஸ்வேர்ட் ஒரே தடவையில சரி. தேடிப் பாத்து அடிக்கிறவனுக்கு ரெண்டு மூணு தடவை பிழைக்கும். இது தெரிஞ்ச ஆள்." பிறகு என் பக்கம் திரும்பினார். "யாருக்கும் குடுத்தீங்களா?"

என் சத்தம் அடங்கிவிட்டது. "ஏழு பேருக்கு, சேர்," என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "ஏழு பேருக்குக் குடுத்தா அது பாஸ்வேர்ட் இல்ல மகள். நோட்டீஸ்."

அந்த ஏழு பேரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பேட்ச்சில் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள் என்னையும் சேர்த்து எட்டுப் பேர். முதலாம் வருடம் சேர்ந்து சில மாதங்களிலேயே கொரோனா வந்து எல்லோரையும் அவரவர் மலைக்குத் திருப்பி அனுப்பியது. வகுப்பு, பயிற்சி, சின்னப் பரீட்சை எல்லாமே இன்டர்நெட்டில். எங்களில் எவருக்கு எந்த நாள் சிக்னல் வரும் என்பது மழைக்குத்தான் தெரியும். அதனால் ஒரு வழி கண்டுபிடித்தோம். எட்டுப் பேரின் கடவுச்சொற்களையும் எட்டுப் பேரும் கொப்பியில் எழுதி வைத்துக்கொண்டோம். இன்டர்நெட் கிடைக்காதவர் போனில் விடையைச் சொல்வார். கிடைத்தவர் மற்றவரின் கணக்கில் நுழைந்து அதை அப்படியே தட்டச்சு செய்து ஒப்படைப்பார். பாறையின் மேல் ஒரு கையில் குடையைப் பிடித்துக்கொண்டு, அரை மணி நேரம் கணிதக் குறியீடுகளை வாயால் சொல்லியிருக்கிறேன். நுவரெலியாப் பக்கத்தில் இருந்த ஒருத்தி சலிக்காமல் எனக்காக அடித்துக் கொடுத்தாள். அந்த வழி இல்லாவிட்டால் நாங்கள் எட்டுப் பேரும் முதலாம் வருடத்தைத் தாண்டியிருக்க மாட்டோம். அதை இன்றைக்கும் தப்பென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தப்பு பிறகு நடந்தது. பல்கலைக்கழகம் திறந்து, விடுதி அறை வரைக்கும் இன்டர்நெட் வந்த பிறகும் எங்களில் ஒருவர்கூடக் கடவுச்சொல்லை மாற்றவில்லை. மாற்றினால், உன்னை நம்பவில்லை என்று மற்ற ஏழு பேருக்கும் சொன்ன மாதிரி. "நமக்குள்ள என்னா ஒளிவு மறைவு" என்பதுதான் எங்கள் பேச்சு. பேட்ச் பிரதிநிதியாகி, எல்லோருக்கும் அறிவிக்கும் அனுமதி என் கணக்குக்கு வந்த அன்றாவது நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. பெருமையாக இருந்ததே ஒழியப் பயமாக இருக்கவில்லை.

அறைக்குப் போனபோது யாழ்ப்பாணத்துக்காரி கட்டிலில் உட்கார்ந்து உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள். மூன்றரை வருடமாக முதல் வகுப்புக்கு வேண்டிய புள்ளிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வைத்திருந்தவள். தவறவிட்ட பரீட்சையை மறுபடி எழுதினால், எவ்வளவு நன்றாகச் செய்தாலும் சாதாரணச் சித்தி, அதாவது வெறும் பாஸ்தான் போடுவார்கள். முதல் வகுப்பு அதோடு போய்விடும். அவள் என்னைத் திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது கத்தியிருப்பேன். திட்டவில்லை.

"நீ அனுப்பேல்லை எண்டு எனக்குத் தெரியும். வேற ஆரும் அனுப்பியிருந்தா டிப்பார்ட்மென்ட்டில ஒருக்காப் போய்க் கேட்டிருப்பன். உன்ர பேரைப் பாத்த உடனை கேக்க வேணும் எண்டே தோணேல்லை," என்றாள். மடித்த உடுப்பை அலுமாரிக்குள் வைத்துவிட்டு வெளியே போய்விட்டாள்.

அன்று மாலையே ஏழு பேரையும் கன்டீனுக்குப் பின்னால் கூப்பிட்டேன். யார் என்று கேட்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. அவர்களில் ஒருவன் வரும்போதே அழுதுகொண்டு வந்தான். புதன்கிழமைக் குழுவில் இருந்தவன், படித்திருக்கவில்லை. பரீட்சைக்குப் போகாத பதினொரு பேரில் அவனும் ஒருவன். ஆள் குறைந்தால் பரீட்சையைத் தள்ளிப்போடுவார்கள் என்று நினைத்திருக்கிறான்.

"ரெண்டு நாளு கெடச்சாப் படிச்சிருவேன்னு நெனச்சேன் அக்கா. இவ்வளவு ஆகும்னு நெனைக்கல," என்றான். எனக்கும் அவனுக்கும் ஒரே வயதுதான். பயம் வந்தால் அக்கா.

மற்ற ஆறு பேரும் ஏற்கெனவே பேசி முடிவெடுத்துவிட்டு வந்திருந்தார்கள். நுவரெலியாக்காரிதான் பேசினாள். "ஹேக் பண்ணிட்டாங்கன்னு சொல்லிரு. ஒனக்கும் ஒண்ணும் ஆகாது, இவனுக்கும் ஒண்ணும் ஆகாது. இவன் வீட்டுல அம்மா இவன நம்பித்தான இருக்காங்க."

"அந்தப் பதினோரு பேரு?"

"ரிப்பீட் எழுதுவாங்க. பெயிலா ஆயிட்டாங்க?"

விஷயம் அவ்வளவு சுலபமாக இருக்கவில்லை. துறைத் தலைவரிடம் நான் காலையிலேயே கேட்டிருந்தேன். வெளியாள் யாரோ ஊடுருவி அனுப்பிய மெயில் என்றால், அறிவிப்புப் பலகையைப் பார்க்காதது மாணவர்களின் பிழை என்றுதான் பரீட்சைச் சபை எடுத்துக்கொள்ளுமாம். உள்ளே இருந்த ஒருவர், பேட்ச் பிரதிநிதியின் கணக்கை அவர் கொடுத்த கடவுச்சொல்லாலேயே திறந்து அனுப்பினார் என்று நிரூபணமானால் மட்டும், ஏமாந்தவர்களுக்கு முதல் தடவை எழுதுவது போலவே புதிதாகப் பரீட்சை வைக்கலாம். கடவுச்சொல்லைக் கொடுத்தவருக்கும் தண்டனை உண்டு என்று அவர் சேர்த்துச் சொன்னார். பட்டம் முடிந்ததும் செய்முறை வகுப்புகளில் உதவுகிற 'டெமோ' வேலைக்கு என் பெயரைக் குறித்து வைத்திருந்தவரும் அவர்தான். அதைப் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை.

கடவுச்சொல்லைக் கொடுத்ததை நானே சொல்லட்டும் என்று கெலிஓயாக்காரர் விட்டிருந்தார். ஆக, நான் பொய் சொன்னால் நாங்கள் எட்டுப் பேரும் தப்பலாம். உண்மை சொன்னால் என் அறைத்தோழியின் முதல் வகுப்பு தப்பும். இதில் நடுவழி ஏதாவது இருக்குமா என்று வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் தேடிப் பார்த்தேன். இல்லை.

ஞாயிறு இரவே ஏழு பேருக்கும் முன்னால் அவனிடம் முடிவாகச் சொன்னேன்: "திங்கக்கெழம விசாரணை. நான் செஞ்சத நான் சொல்லுவேன். நீ செஞ்சத நீயே வந்து சொல்லிரு. நீ வரலைன்னா அதையும் நானே சொல்லுவேன்." ஒருத்தி என்னைப் பார்த்து, "நம்மாளுங்கள நாமளே காட்டிக் குடுக்கிறதா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி என்னைக் குத்தியது. குத்தாமல் எப்படி? எங்கள் எட்டுப் பேரில் ஐந்து பேர், குடும்பத்திலிருந்து முதல் தடவையாகப் பல்கலைக்கழகத்தில் கால் வைத்தவர்கள். அவனும் அந்த ஐந்தில் ஒருவன், நானும் ஒருத்தி.

திங்கட்கிழமை விசாரணை அறைக்கு வெளியே வாங்கில் உட்கார்ந்து காத்திருந்தேன். அவன் வருவான் என்றுதான் நம்பினேன். படியில் காலடிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எட்டிப் பார்த்தேன். பத்து மணிக்கு என்னை உள்ளே கூப்பிட்டார்கள். நீளமான மேசைக்கு அந்தப் பக்கம் ஐந்து பேர். கடவுச்சொல்லை நானே கொடுத்தேன் என்றேன். எத்தனை பேருக்கு, எப்போது, ஏன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். பாறை, குடை, மழை எல்லாம் சொன்னேன். அனுதாபத்துக்காக அல்ல, அதுதான் நடந்தது என்பதற்காக. பல்கலைக்கழகம் திறந்த பிறகு மாற்றாதது முழுக்க என் பிழை என்றும் சொன்னேன். யார் அனுப்பியது என்று தெரியுமா என்று கேட்டார்கள். கதவைத் திரும்பிப் பார்த்தேன். பிறகு அவன் பெயரைச் சொன்னேன்.

இரண்டாம் தடவை கேட்க வேண்டாத அளவுக்குத் தெளிவாகத்தான் சொன்னேன்.

அவனைக் கூப்பிட்டு விசாரித்ததும் ஒத்துக்கொண்டான். ஒரு வருடம் வகுப்புத் தடை. என் கணக்கை ஒரு செமஸ்டருக்கு மூடினார்கள். கேட்பதற்குச் சின்னத் தண்டனையாக இருக்கும். ஆனால் கணக்கு இல்லாமல் பாடக் குறிப்பு இல்லை, பயிற்சிகளை ஒப்படைக்க முடியாது, பரீட்சைக்கு விண்ணப்பிக்கவும் முடியாது. அந்தப் பாடங்கள் வருடத்தில் ஒரு தடவைதான் நடக்கும் என்பதால் மொத்தத்தில் ஒரு வருடம் போனது. பதினொரு பேரில் அவனைத் தவிர்த்துப் பத்துப் பேருக்கும் புதிதாகப் பரீட்சை வைத்தார்கள். டெமோ வேலையைப் பற்றி நான் கேட்கவும் இல்லை, அவர்கள் சொல்லவும் இல்லை.

அந்த ஆறு பேரும் என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள். கண்டி நகரத்தில் எதிர்ப்பட்டால் தெருவின் அடுத்த பக்கத்துக்கு மாறிப் போவார்கள். நுவரெலியாக்காரி ஒரு தடவை மார்க்கெட் வாசலில் என்னைப் பார்த்து நின்றாள். பேசப்போகிறாள் என்று நினைத்தேன். அவளும் போய்விட்டாள். எனக்காக அரை மணி நேரம் குறியீடு அடித்தவள் அவள். அதுதான் இன்றும் வலிக்கிறது. அவன்மீது எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. அவன் அம்மாவை நினைத்தால் மட்டும் கோபத்துக்கு வலு குறைந்துவிடும்.

தங்கை கல்யாணமாகிப் போய்விட்டாள். நான் அந்த ஒரு வருடம் வீட்டிலிருந்து தோட்டத்துப் பாடசாலையில் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக் கொடுத்தேன். படிப்பை விட்டுவிடு என்று ஒரு மாமா சொன்னார். அடுத்த வருடம் அதே செமஸ்டர் ஆரம்பித்த முதல் நாளே நான் வகுப்பில் இருந்தேன், என்னைவிட இளையவர்களுக்கு நடுவில், முதல் வரிசையில்.

அன்று பிற்பகல் செய்முறை வகுப்பு. டெமோவாக உள்ளே வந்தது யாழ்ப்பாணத்துக்காரி. முதல் வகுப்பில் சித்தியடைந்து, எனக்கென்று குறித்து வைத்திருந்த அதே இடத்தில் அவள் வேலை செய்துகொண்டிருந்தாள். எனக்குப் பொறாமையாக இருந்தது. அதை மறைக்கப் போவதில்லை. வரவுப் பதிவில் என் பெயரையும் மற்றப் பெயர்களைப் போலவே வாசித்தாள். நானும் மற்றவர்களைப் போலவே கையைத் தூக்கினேன்.

என் புதிய கணக்கு அந்த இயந்திரத்தில் திறக்கவில்லை. உதவிக்கு அவளைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது. பக்கத்தில் வந்து குனிந்து ஏதோ இரண்டைச் சரிசெய்தாள். பிறகு விசைப்பலகையை என் பக்கம் தள்ளி, "இப்ப உன்ர பாஸ்வேர்டைப் போடு," என்றாள்.

நான் தட்டச்சு செய்யத் தொடங்கியதும் அவள் நிமிர்ந்து, முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். நான் முடித்துவிட்டேன் என்று சொல்லும்வரை அவள் திரும்பவில்லை.