துரு கேட்டு ஒரு விண்ணப்பம்

வீட்டில் பூவையும் பட்டையையும் கொதிக்க வைத்துத் துணிக்குச் சாயம் போடுகிறவர்களிடம் இரண்டே வகைப் பாத்திரங்கள்தான் உண்டு: சமையலுக்கு உள்ளவை, இனிமேல் சமையலுக்கு ஆகாதவை. முதல் வகை குறைந்துகொண்டே வரும். இரண்டாவது வகை பெருகிக்கொண்டே போகும். இதைப் படித்ததும் உங்கள் பார்வை சமையலறைப் பரண் பக்கம் போயிருந்தால் நீங்களும் என் இனம்தான். உங்கள் நகக்கண்ணிலும் மஞ்சள் இருக்கும்.

நாங்கள் இருப்பது மின்னி பே பக்கம், அரசு குவார்ட்டர்ஸில், இரண்டாவது மாடியில். கணவருக்குப் போர்ட் பிளேருக்கு மாற்றலானபோது கூடவே வந்தேன். பிள்ளைகள் மெயின்லேண்டுக்குப் படிக்கப் போனார்கள். அடுப்பில் ஒரு பக்கம் காலியானது. அங்கே சாயச் சட்டி ஏறியது. அந்தச் சட்டியைச் சுற்றி நடந்தவைதான் இவை. இவற்றில் பாதிக்கு மேல் ஒரு கல்யாண வீட்டுக்காக நான் ஏற்றுக்கொண்ட ஆறு துப்பட்டாக்களைப் பற்றியவை. ஆறும் ஒரே பச்சையில் இருக்கும் என்று வாக்குக் கொடுத்துவிட்டு நான் பட்ட பாடு உங்களுக்காவது புரியும்.

எடைக்கு மாலை

எனக்கு மஞ்சள் தருவது செண்டுமல்லி. இங்கே எல்லோரும் கேந்தா என்பார்கள். கோயிலில் சாமிக்குச் சாத்திக் களைந்த மாலைகளைக் குருக்கள் எனக்காகத் தனியே எடுத்து வைப்பார். குப்பைக்குப் போகிற பூ துணியில் நிற்கிறதே என்று அவருக்கும் சந்தோஷம். துணி எவ்வளவு எடையோ, பூவும் அவ்வளவு வேண்டும் என்பது நான் வைத்துக்கொண்ட அளவு. அதனால் கொக்கித் தராசைக் கையோடு கொண்டு போவேன்.

ஒரு வெள்ளிக்கிழமை நாரை உருவி, துளசியை ஒதுக்கி, ஈரத்தை உதறி, பூவை மட்டும் பையில் போட்டுத் தராசில் மாட்டினேன். நானூறு கிராம். இன்னும் நூறு வேண்டும். "சாமி, அம்மன் கழுத்தில் இன்னொன்று வாடின மாதிரி இருக்கிறதே?" என்று கேட்டுவிட்டேன். குருக்கள் அம்மனைப் பார்த்தார். பிறகு தராசைப் பார்த்தார்.

"சாமி மாலைய எல்லாரும் கண்ணுல ஒத்திப்பாம்மா. எடை போட்டுப் பத்தலைன்னு சொன்ன மொத ஆள் நீங்கதான்!"

விடாத மரம்

படாக் மரத்தை அறுத்தால் உள்ளே செங்கல் சிவப்பு. அந்தமானில் நாற்காலி, கட்டில் எல்லாம் அதில்தான் செய்ய ஆசைப்படுவார்கள். சௌல்தாரியில் ஒரு மரப்பட்டறையில் அந்தச் சிவப்புத் தூள் குவிந்து கிடப்பதைப் பார்த்ததும் எனக்குக் கை துறுதுறுத்தது. ஒரு சாக்கு வாங்கி வந்து, இரண்டு மணி நேரம் கொதிக்க வைத்தேன். தண்ணீர் ஏதோ கை கழுவின தண்ணீர் போல இருந்தது. இன்னும் இரண்டு மணி நேரம். துணியில் ஏறியது, வெள்ளைத் துணியில் பழுப்பு என்று சொன்னால்தான் தெரிகிற ஒரு பழுப்பு.

அடுத்த முறை போனபோது பட்டறை மேஸ்திரியிடம் குறை சொன்னேன். அவர் உளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"கலர் விடாதுன்னு சொல்லித்தான் நாங்க இந்த மரத்தையே விக்கிறோம். நீங்க விடச் சொல்லிக் கொதிக்க வைக்கிறீங்களே!"

பால் ஊற்றாத டீ

மழைக்காலத்தில் எனக்குக் கவலை இல்லை. கூரைத் தண்ணீரை டிரம்மில் பிடித்துக்கொள்வேன். சாயத்துக்கு அதைவிட நல்ல தண்ணீர் கிடையாது. மழை நின்று டிரம் காலியானால் குழாய்தான் கதி. எங்கள் பிளாக்கின் மொட்டை மாடியில் ஒரு பழைய இரும்புத் தொட்டி. சில நாளுக்கு ஒரு தரம் வருகிற தண்ணீர் அதில் ஏறி, எங்கள் வீட்டுக்குள் இறங்கும்போது பால் ஊற்றாத டீ மாதிரி இருக்கும். நான்கு மடிப்புத் துணியில் வடிகட்டித்தான் உலை வைப்போம்.

பராமரிப்பு அலுவலகத்துக்கு இரண்டு வருடத்தில் நான்கு கடிதம் எழுதினேன். தொட்டியின் வயது, துருவின் நிறம், எந்தக் கிழமை அதிகம், எந்தக் கிழமை குறைவு, எல்லாவற்றையும் வரிசைப்படுத்தி, ஒரு பாட்டில் தண்ணீரையும் சாட்சிக்கு வைத்தேன். நாலாவது கடிதம் போட்ட ஐந்தாம் மாதம் நேரிலேயே போனேன். குமாஸ்தா கோப்பை எடுத்துக் காட்டினார். கடிதங்கள் பத்திரமாக இருந்தன. பாட்டிலும் இருந்தது.

"உங்க லெட்டர் எல்லாம் கோர்வையா இருக்கும் மேடம். புதுசா வேலைக்கு வர்றவங்களுக்கு இதைத்தான் படிக்கக் குடுக்கிறோம்."

பாசிப் படிக்கட்டு

விஜயா அக்கா சிப்பிகாட்டில் பாக்குத் தோட்டம் வைத்திருப்பவர். நான்கு தலைமுறையாக இந்தத் தீவுக்காரர். மகள் தீபாவுக்குக் கல்யாணம் நிச்சயமானதும், ஹல்தி அன்று கட்ட ஒரு வெள்ளைப் பருத்திப் புடவையைக் கொண்டு வந்து, "நல்ல மஞ்சளா வேணும் சரசு" என்று கொடுத்தார். நலங்கு என்று நாம் சொல்வதை இங்கே ஹல்தி என்றுதான் சொல்கிறார்கள்.

டிரம்மில் மழைத் தண்ணீர் இல்லை. குழாய்த் தண்ணீரை வடிகட்டிக்கொண்டேன். புடவையைக் கடுக்காய்த் தண்ணீரிலும் பிறகு படிகாரத்திலும் ஊற வைத்து, செண்டுமல்லிச் சாற்றில் இறக்கினேன். அரை மணியில் திறந்து பார்த்தால் சட்டிக்குள் பச்சை. கடுக்காய் ஏறிய துணியில் இரும்பு பட்டால் கறுக்கும், அதனோடு மஞ்சள் சேர்ந்தால் பச்சையாகும். இது எனக்குத் தெரியும். தொட்டித் தண்ணீரில் இரும்பு இருக்கிறது என்று நான்கு கடிதம் எழுதியவளும் நானேதான். இரண்டையும் சேர்த்து யோசிக்கத்தான் தோன்றவில்லை. வடிகட்டினால் தூள் நிற்கும், கரைந்தது நிற்காது.

மறைக்க முடியாது. அம்மாவையும் மகளையும் கூப்பிட்டு விரித்துக் காட்டினேன். விஜயா அக்கா, "அரே சரசு! மஞ்சள் கேட்டா, பாசி பிடிச்ச படிக்கட்டைக் குடுக்கிறியே!" என்றார். தீபா மட்டும் புடவையை ஜன்னலுக்குக் கொண்டு போய் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அம்மா, நீங்க சும்மா இருங்க. மழை விட்ட மறுநாள் நம்ம தோட்டம் இந்தக் கலர்தான். நான் இதை மெஹந்தி அன்னைக்குக் கட்டிக்கிறேன்." அதோடு நிற்கவில்லை. கூட நிற்கும் ஆறு பெண்களுக்கும் இதே பச்சையில் துப்பட்டா வேண்டும் என்றாள். மாப்பிள்ளை வீட்டுக்கு அப்போதே போனில் சொல்லியும் விட்டாள். புடவை தப்பித்த சந்தோஷத்தில் நான் தலையாட்டினேன். கல்யாணத்துக்கு ஐந்து வாரம் இருந்தது.

கிளம்பும்போது விஜயா அக்கா வாசலில் நின்று என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"தப்பா போட்டது ஒண்ணு சரி, அதே தப்பை ஆறு தரம் சரியா போடுவியா?"

ஐந்தாவது கடிதம்

ஆறு துப்பட்டாவையும் கடுக்காயில் ஊற வைத்த அன்று காலை மொட்டை மாடியில் டமார் டமார் என்று சத்தம். ஏறிப் பார்த்தேன். ஃபிட்டரும் இரண்டு ஆட்களும் இரும்புத் தொட்டியைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் பளபளவென்று ஒரு கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி. குழாய்களும் புதிது. மத்தியானம் தண்ணீர் வந்தது. கண்ணாடி மாதிரி இருந்தது. எதிர்வீட்டு வங்காளிப் பெண்மணி, அண்ணி என்ற அர்த்தத்தில் நான் பௌதி என்று கூப்பிடுகிறவள், கிண்ணம் நிறைய ரசகுல்லா கொண்டுவந்து என் வாயில் ஊட்டினாள். பிளாக்கே எனக்கு நன்றி சொன்னது. அன்று சாயந்தரம் ஒரு முழத் துண்டுத் துணியைச் சட்டியில் போட்டுப் பார்த்தேன். எந்தக் கல்யாண வீடும் கேட்டு வாங்கும் அழகான மஞ்சள் வந்தது.

மறுநாள் மிச்ச வேலைக்கு வந்த ஃபிட்டரிடம், பழைய தொட்டியை ஒரு மாதத்துக்குத் திரும்ப மாட்ட முடியாதா என்று கேட்டேன். அவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"புதுசு வேணும்னு நாலு லெட்டர் போட்டது நீங்கதானே மேடம்? பழசு வேணும்னா அஞ்சாவது போடுங்க, அதுக்கு ரெண்டு வருஷம் கழிச்சு வர்றேன்!"

யார் சொத்து

கழற்றிய தொட்டி அலுவலகக் கிடங்கில் கிடந்தது. தேடிப் போனேன். எனக்குத் தொட்டி வேண்டாம். அதன் உள்பக்கம் செதில் செதிலாக நிற்கிற துருவில் ஒரு டப்பா போதும். ஸ்டோர் கீப்பர் மரியாதையானவர். நாற்காலி போட்டு, டீ வரவழைத்து, நான் சொன்னதை முழுவதும் கேட்டுக்கொண்டார். வேண்டாத சாமான் என்று எழுதியாகிவிட்டது, ஆனால் ஏலம் போகும்வரை ஒரு துண்டு குறையக் கூடாது என்றார். எடை போட்டுத்தான் ஏலம் விடுவார்களாம். எடை என்றதும் குருக்கள் என் தராசைப் பார்த்த பார்வை ஞாபகம் வந்தது. எழுந்தபோது கையில் ஒட்டியிருந்த துருவைப் புடவையில் துடைத்துக்கொண்டேன். அவர் அதையும் கவனித்தார்.

"அதுவும் சர்க்கார் சொத்துதான் மேடம். சரி போங்க, நான் பாக்கல."

தீவில் பஞ்சமில்லாதது

அழாத குறையாகப் படியேறி வந்தவளைப் பௌதி நிறுத்தி விஷயம் கேட்டாள். நான் சொல்லி முடிக்கவில்லை. உள்ளே போய் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டு வந்து என் மடியில் கவிழ்த்தாள். கதவுக் கீல், கொண்டி, ஆணி, மீன் வெட்டும் கத்தி, எல்லாம் துரு. உப்புக் காற்று அடிக்கிற ஊரில் துருவுக்காக ஆபீஸ் ஏறி இறங்கியவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். இருட்டுவதற்குள் செய்தி பரவிவிட்டது. கீழ்வீட்டுக்காரர் சைக்கிள் செயின் கொண்டு வந்தார். மூன்றாவது மாடியிலிருந்து ஒரு ஜன்னல் கம்பி வந்தது. யாரோ பெயர் சொல்லாமல் வாசலில் ஒரு தோசைக்கல்லை வைத்துவிட்டுப் போனார்கள்.

எல்லாவற்றையும் ஒரு மண்பானையில் போட்டு, வெல்லம் கரைத்த தண்ணீர் ஊற்றி, பால்கனியில் வைத்து மூடினேன். அது புளித்து இரும்பைக் கரைத்து எடுக்க இரண்டு வாரம் ஆகும். நாலாம் நாளே வாடை வீட்டுக்குள் வந்தது. என் கணவர் சாப்பாட்டுத் தட்டோடு பால்கனியிலிருந்து எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம் போய் உட்கார்ந்தார்.

"இந்த வீட்ல துருப்பிடிக்காம மிச்சம் நிக்கது நான் ஒருத்தன்தான். என்னையும் தூக்கிப் பானைக்குள்ள போட்ராத, என்னா?"

பதினோரு துண்டுகள்

இரும்புத் தண்ணீர் மருந்து மாதிரி. கொஞ்சம் கூடினால் நிறம் கெடும், இன்னும் கூடினால் துணியே இற்றுப்போகும். அதனால் இருமல் மருந்தோடு வருகிற அளவு மூடியை எடுத்துக்கொண்டேன். முதல் துண்டுத் துணிக்கு ஒரு மூடி: கறுப்பு. இரண்டாவதுக்கு முக்கால்: சாம்பல். பிறகு அரை, கால், அரைக்கால் என்று இறங்கினேன். பூவும் ஒவ்வொரு நாளும் ஒரே மாதிரி இருக்காது என்பதால் இரண்டு துண்டு வீணாயிற்று. ஒவ்வொன்றிலும் எண் எழுதிக் கொடியில் வரிசையாகக் கட்டினேன். தீபாவின் புடவை முந்தானையிலிருந்து எடுத்து வைத்த ஒரு நூலை ஒவ்வொன்றின் மேலும் வைத்துப் பார்த்தேன். பதினோராவது துண்டின் மேல் வைத்தபோது நூல் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருந்தது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தரம் தேடினேன்.

எதிர்ப் பால்கனியில் துணி உலர்த்த வந்த பௌதி, காற்றில் ஆடுகிற பதினோரு தோரணத்தையும் எண்ணினாள். இத்தனை வருடத்தில் என்னிடம் கற்றுக்கொண்ட தமிழையும் சேர்த்துக் கேட்டாள்.

"தீதி, யே கல்யாணத்துக்கா, யா எலெக்ஷன் கா?"

ஆறும் ஒன்றும்

கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்பு அம்மாவும் மகளும் வந்தார்கள். ஆறு துப்பட்டாவையும் கட்டிலில் விரித்து, அவர்கள் கொண்டு வந்த பச்சைப் புடவையை நடுவில் வைத்தேன். தீபா ஜன்னல் திரையை விலக்கினாள். ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தாள். விளக்கைப் போட்டும் பார்த்தாள், அணைத்தும் பார்த்தாள். பிறகு கடைசித் துப்பட்டாவைத் தோளில் போட்டுக்கொண்டு, "டீக் ஹை ஆன்ட்டி" என்றாள். சரியாயிருக்கிறது என்பதற்கு இரண்டே சொல்தான். மூன்று வாரத்துக்கு மேலாக நெஞ்சில் இருந்த கல் இறங்கியது.

விஜயா அக்கா காப்பியைக் குடித்து முடித்தார். பையைத் திறந்தார். மடிப்புக் கலையாத இன்னொரு வெள்ளைப் புடவையை எடுத்து, பச்சைகளுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"ஹல்திக்கு நான் மொதல்ல கேட்ட மஞ்சள் இன்னும் வரல சரசு. இப்பதான் உங்க தண்ணி நல்லாயிருச்சே, இனி சாக்கு சொல்லாதே!"

ஆகவே, என்னைப் போலவே நகக்கண் மஞ்சளானவர்களே, நல்ல தண்ணீர் கேட்டு எழுதும் கடிதத்துக்கு எப்படியும் ஒரு நாள் பலன் வரும், ஆனால் அது கெட்ட தண்ணீர் அவசரமாகத் தேவைப்படுகிற வாரமாகப் பார்த்துத்தான் வரும்.